இரண்டு கணக்குகள்

அன்புள்ள தம்பிக்கு,

கல்லூரித் தோழர்களுக்கென்று ஆங்கிலத்தில் ஓர் இன்ஸ்டாகிராம் கணக்கும் குப்பத்துப் பிள்ளைகளுக்கென்று இன்னொன்றும் வைத்திருப்பதாகவும், முன்னதில் உன் தந்தையாரின் படகோ, தடா பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த உன் தாயாரின் தெலுங்கோ ஒருநாளும் தலைகாட்டுவதில்லை என்றும், இவ்விரண்டில் நீ யார் என்பதே விளங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். உன் வயதில் இந்தச் சந்தேகம் எழுவது இயல்பு. ஆனால் இது கைபேசியோடு வந்த வியாதி என்று நீ தீர்மானித்திருப்பதை நான் ஒப்புக்கொள்வதற்கில்லை.

1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிக்கொண்டு நம் பழவேற்காட்டில் அமர்ந்த டச்சுக்காரர்கள், ஜாவா முதலிய கிழக்குத் தீவுகளின் ஜனங்களுக்கு எந்த நிறமும் எந்தக் கட்டமும் பிடிக்கும் என்பதற்கு அங்கிருந்தே மாதிரிகளை வரவழைத்து, அவற்றுக்கேற்ப இந்தக் கரைப் பிரதேசத்து நெசவாளர்களிடம் துணி நெய்வித்து, அதைக் கொண்டுபோய்க் கொடுத்து ஜாதிக்காயும் கிராம்பும் வாங்கினார்கள். மலாய் நாட்டில் கட்டம்போட்ட கைலி இன்றைக்கும் நம் ஊர்ப் பெயராலேயே வழங்குகிறது. முகமறியாதவர்களின் ரசனைக்கு நெய்து கொடுப்பது, ஆகவே, உன் தலைமுறை கண்டுபிடித்த தொழில் அன்று. ஆயினும் அந்த நெசவாளன் தறியை விட்டு எழுந்தபின் துணி வேறு, தான் வேறு. உனக்கோ சரக்கும் நீயாகவே இருப்பதால், விற்காத நாளில் நீயே குறைந்துபோனதாக மனம் வாடுகிறது.

எதை அதிகம் பேர் நின்று பார்க்கிறார்களோ அதையே மேலும் பலருக்குக் காட்டுவது இந்தத் தளங்களின் ஏற்பாடு. நம் ஊர்ப் பூநாரையையும் டச்சுக் கல்லறையின் எலும்புக்கூட்டுச் சிற்பத்தையும் எவனும் ஒரு கணத்தில் புரிந்துகொள்வான். தமிழில் வலை இழுத்துத் தெலுங்கில் சோறு கேட்கும் வீட்டைப் புரிந்துகொள்ள அவனுக்கு அவகாசம் இல்லை. அந்தத் தளங்களில் நாம் நிற்கும் நிலமும் நம்முடையதன்று. 2020 ஜூன் 29ஆம் தேதி அரசாங்கம் டிக்டாக்கைத் தடைசெய்தபோது, அதன்மூலம் ஊரறிந்தவர்களாக இருந்த எத்தனையோ இளைஞர்கள் ஓரிரு நாளில் மேடையிழந்து நின்றார்கள். (தடை சரியா, தவறா என்பது வேறு வழக்கு.)

இதற்கு மாறாக, பழவேற்காடு ஏரியில் நம்மவர்கள் வைத்திருக்கும் பாடு முறையை எண்ணிப்பார். இறாலுக்குச் சுத்து வலை கட்டும் இடங்கள் எல்லாம் ஒரே தரமானவை அல்ல. முகத்துவாரத்தை ஒட்டிய இடத்தில் விளைச்சல் அதிகம். அந்த நல்ல இடம் வலுத்தவனுக்கே நிலைத்துவிடாதபடி, கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்க்காரர்கள் முறைவைத்து மாற்றிக்கொள்கிறார்கள். அங்கே உன் தந்தையார் இன்னார் என்பதை அவரது புகைப்படம் சொல்வதில்லை. நேற்று அவர் யாருக்கு இடம் விட்டார், நாளை யார் அவருக்கு விடவேண்டும் என்பதே சொல்கிறது.

இப்படிச் சொல்வதால், கிராமமே சொர்க்கம் என்று நான் பிரசங்கம் செய்வதாக எண்ணிவிடாதே. பாடு முறையில் உரிமை ஆண்களுக்கு, அதுவும் பட்டினவர் சாதியில் பிறந்தவர்களுக்கு. அதே தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கு அந்த வரிசையில் இடம் இல்லை. ஊர் கொடுக்கும் அடையாளம் உறுதியானது. உறுதியானதாலேயே சிலர் கழுத்தை இறுக்குவது. ஓர் இருளர் வீட்டுப் பெண் தன் பெயரைத் தானே தேர்ந்து, சாதி கேட்காத அந்நியர்களோடு கைபேசியில் பேசி மூச்சு விடுகிறாள் என்றால், அவளைப் போலிவேஷக்காரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் ஆங்கிலக் கணக்கிலும் அந்த விடுதலையின் அம்சம் கொஞ்சம் இருக்கிறது.

ஆகையால் இரண்டில் ஒன்றை அழித்துவிடு என்று சொல்லமாட்டேன். அரபு எழுத்தில் தமிழை எழுதிவந்த முஸ்லிம் குடும்பங்கள் இருந்த ஊர் உன்னுடையது. எழுத்து ஒன்று, மொழி ஒன்று என்பதால் அவர்கள் இரண்டாகப் பிளந்துபோகவில்லை. நான் கேட்பது வேறு: எந்தக் கணக்கில் எதைப் போட்டாலும், படத்தில் இருப்பவர் அருகில் உட்கார்ந்து பார்த்தால் உனக்குக் கூசுமா? ஆங்கிலக் கணக்கிலிருந்து நீ மறைத்திருப்பது வெட்கத்தாலா, அல்லது உன் தாயார் தம்மைப் படம்பிடிக்க வேண்டாம் என்றதாலா? பின்னதாயின் மறைத்தது சரியே. முன்னதாயின், இந்த விடுமுறைக்கு வரும்போது, ஏரி மீன்களின் பெயர்களைத் தெலுங்கில் அவர்களும் தமிழில் தந்தையாரும் சொல்ல, சம்மதம் கேட்டுப் பதிவுசெய்து, இரண்டு கணக்கிலும் போட்டுப் பார். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை எனக்கு எழுத வேண்டாம்; எந்த மீனின் பெயரில் அவர்கள் இருவரும் தர்க்கம் செய்தார்கள் என்பதை எழுது.

அன்புடன்,
உன் மாமா