லாரி ஆயிலை எப்போது, எங்கே மாற்றுவது?

கேள்வி: கேரள எல்லையிலுள்ள வேலந்தாவளம் வழியாக எம்-சாண்ட் ஏற்றும் டிப்பர் ஓட்டுகிறேன். கிலோமீட்டர் இன்னும் ஆகவில்லை, ஆயிலோ கறுத்துவிட்டது. மாற்றலாமா? ஊரிலேயே மாற்றலாமா, கோவைக்குப் போகணுமா?

பதில்: நிறத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். டீசல் இன்ஜினில் புது ஆயிலும் சீக்கிரமே கறுக்கும். கரியைத் தன்னுள் இழுத்துக்கொள்வது அதன் வேலைதானே! ஆனால் டிப் ஸ்டிக்கில் மட்டம் ஏறியிருந்தால், டீசல் வாடை அடித்தால், அல்லது பால் டீ நிறத்தில் இருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். டீசலோ தண்ணீரோ கலக்கிறது. முதலில் அதைச் சரிசெய்துவிட்டு ஆயிலை மாற்றுங்கள்.

டிப்பருக்குக் கிலோமீட்டர் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் எல்லையில் வரிச்சாவடி வரிசை ஒழிந்தது. கிரஷர் வாசலில் காத்திருப்பது ஒழிந்ததா? நின்றபடி இன்ஜின் ஓடும் நேரம் மீட்டரில் ஏறாது. கையேட்டில் கடும் உழைப்பு வண்டிகளுக்கென்று தனிக் கணக்கு இருந்தால் அதையே பிடியுங்கள்.

வாரன்டி இருந்தால் கம்பெனி சர்வீஸ். இல்லையென்றால் ஊரிலேயே போதும்: சமதளம், சூடான இன்ஜின், கூடவே புது ஃபில்டர். பி.எஸ்.6 வண்டிக்குக் கையேடு சொல்லும் ரகம்தான், மலிவென்று வேறு ஊற்றினால் புகைவடிகட்டி அடைக்கும். கழிவு ஆயிலைத் தோட்டத்தில் கொட்டாதீர்கள்; சட்டப்படி அது அபாயக் கழிவு, உரிமம் பெற்ற மறுசுழற்சியாளருக்கே போகவேண்டும்.