ஒரு வேடம், பல நடிகையர்

முன்னுரை

நாடகமாயினும் திரைப்படமாயினும், வேடம் என்பது ஒருவர் உடுத்திக் கழற்றும் ஆடை போன்றது. ஒருவர் கழற்றிய ஆடையை மற்றொருவர் உடுத்தும்போது பார்ப்பவர் கண்கள் ஆடையைப் பார்ப்பதில்லை; முன்பு உடுத்தியவரையே தேடுகின்றன. ஒரு படம் வேறு மொழியிலோ, மறுபடியும் புதிதாகவோ எடுக்கப்படும்போது, 'இந்த வேடத்தில் இவரா?' என்று ரசிகரிடையே வழக்கு எழுவதற்கு இதுவே காரணம். அவ்வழக்கில் தீர்ப்புச் சொல்லுமுன் நாம் எதை ஆராய வேண்டும் என்பதை ஒரே ஒரு வேடத்தைக் கொண்டு காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ரயிலில் எழுந்த வழக்கு

2022 ஆம் ஆண்டின் இறுதி. நாசரேத்தில் காலை ரயில் ஏறிக் கல்லூரிக்கு வரும் எங்களுக்கு அன்று பேச ஒரு செய்தி கிடைத்திருந்தது. 'சந்திரமுகி' இரண்டாம் பாகத்தில் சந்திரமுகியாக நடிக்கப் போகிறவர் கங்கனா ரனாவத் என்பதே அது. ஆழ்வார்திருநகரி வருமுன் பெட்டியே இரண்டுபட்டது.

"ஜோதிகா இல்லாம சந்திரமுகியாலே?" என்றான் ஒருவன். "வடநாட்டுக்காரம்மாவுக்கு நம்ம சந்திரமுகி எப்படில வரும்?" என்று எல்லாரினும் உரக்கக் கேட்டவன் நானே.

எதிரே அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் சிரித்தார். "ஜோதிகா மட்டும் என்ன, நம்ம ஊர்ப் பிள்ளையா தம்பி? அதுவும் மும்பையிலேருந்து வந்ததுதானே. சரி, அதுக்கு முந்தி மலையாளத்துல ஷோபனா நடிச்சத நீங்க யாராவது பாத்திருக்கியளா?" என்றார்.

ஒருவரும் பார்த்திருக்கவில்லை. பார்க்காத ஒரு நடிகையின் வேடத்தில், இன்னும் நடிக்கவே தொடங்காத ஒரு நடிகைக்கு, நாங்கள் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தோம். அந்த வெட்கமே என்னை இப்படங்களை வரிசையாகப் பார்க்கச் செய்தது.

வேடம் நடந்த வழி

இவ்வேடத்தின் பிறப்பிடம் 1993 இல் வெளிவந்த 'மணிச்சித்திரத்தாழ்' என்னும் மலையாளப் படம். கதை எழுதியவர் மது முட்டம், இயக்கியவர் பாசில். கங்கா என்னும் இல்லத்தரசியாகவும், அவள் மனத்துள் குடியேறிய நாகவல்லி என்னும் நாட்டியக்காரியாகவும் தோன்றிய ஷோபனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது.

பின்னர் பி. வாசு இதனைக் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' என எடுத்தார். அதில் நடித்த சௌந்தர்யா 2004 ஏப்ரல் 17 அன்று விமான விபத்தில் மறைந்தார். படம் அதன் பிறகே, அவ்வாண்டு ஆகஸ்டில் வெளிவந்தது. அவரது ஆற்றலைக் கண்டு ரசிகர் கைதட்டியபோது அதனைக் கேட்க அவர் இல்லை.

தமிழ்ச் 'சந்திரமுகி' 2005 ஏப்ரல் 14 அன்று வெளியாயிற்று. இயக்கம் பி. வாசுவே, தயாரிப்பு சிவாஜி புரொடக்சன்ஸ். இதில் முதலில் தேர்வானவர் சிம்ரன் என்பதும், அவர் விலகிய பின்னரே ஜோதிகா வந்தார் என்பதும் பலர் மறந்த செய்தி. இன்று 'இவரன்றி வேறு யார்?' என்று நாம் கேட்கும் ஜோதிகாவும் ஒரு நாள் மாற்றாக வந்தவரே!

இந்தியில் பிரியதர்சன் 2007 இல் 'பூல் புலையா' எனப் பெயரிட்டு எடுத்தபோது வித்யா பாலன் நடித்தார்.

அயல்மொழிக்காரி

இப்படங்களைச் சேர்த்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படுகிறது. மலையாளப் படத்தில் நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து வந்த தமிழச்சி. அவள் பேசுவதும் பாடுவதும் தமிழ். அப்பாட்டின் தமிழ்ப் பகுதியை எழுதியவர் நம் கவிஞர் வாலி. கதை தமிழுக்கு வந்ததும் அவள் தெலுங்குப் பெண்ணாகிவிடுகிறாள். கன்னடத்திலும் அவள் பாட்டு தெலுங்கே. இந்தியிலோ அவள் வங்காளத்துப் பெண்.

எந்த மொழியில் கதை நடந்தாலும் அந்த நாட்டியக்காரி அந்த மொழிக்காரி அல்லள். அரண்மனைக்குக் கொண்டுவரப்பட்ட அயலூர்ப் பெண்; தன் மொழி பேச ஒருவரும் அற்றவள்; தன் ஊர்க் காதலனை இழந்து, அந்த வீட்டிலேயே மாண்டவள். வீட்டுப் பெண்ணின் வாயிலிருந்து திடீரென்று அயல்மொழி வெளிப்படும்போது கணவனுக்கு உண்டாகும் அச்சமே கதையின் உயிர். ஆகவே 'வடநாட்டுக்காரிக்கு இது எப்படி வரும்?' என்ற என் கேள்வி, வேடத்தின் தன்மையையே அறியாத கேள்வி. அந்த வேடம் பிறந்ததே அயலாளாக!

ஒருத்தியுள் ஒருத்தி

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார். உள்ளத்து உணர்வு உடல்வழியே பிறர்க்குப் புலப்படுவதே மெய்ப்பாடு. அவ்வெட்டனுள் வெகுளி ஒன்றையே கொண்டு இவ்வேடத்தை அளப்பது நம்முடைய பிழை. கண்ணை உருட்டி, தலைமுடியை விரித்து, உரக்கப் பேசுவது எளிது. அரிதானது, ஒரு மெய்ப்பாட்டிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் இடைவழி.

கணவன் கடைக்குப் போக வேண்டாம் எனத் தடுக்கும் காட்சியை எடுத்துக்கொள்வோம். ஷோபனா முதலில் சாதாரண மனைவியாகத் திகைக்கிறார். 'ஏன் போகக் கூடாது?' என்று கேட்பது இன்னும் கங்காதான். பின்னர்ப் பார்வை ஓரிடத்தில் நிலைக்கிறது, குரல் இறங்குகிறது, கட்டில் தூக்கப்படுகிறது. கணவன் பெயர் சொல்லிக் கத்தியதும் அவள் விழித்து, நடந்தது ஒன்றும் அறியாதவளாய் நிற்கிறாள். நம்மை நடுங்கச் செய்வது கட்டிலைத் தூக்கிய கை அன்று. அதற்குப் பின் வரும் அந்த அறியாமையே.

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் கொடை விழாப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. வில்லுப்பாட்டு உச்சத்துக்கு ஏறும்போது கோமரத்தாடியின் நிலை மாறும். ஆடும்போது அஞ்சி விலகி நிற்கும் நாம், ஆட்டம் நின்றபின் அதே மனிதர் சோர்ந்து அமர்ந்து தண்ணீர் கேட்கும்போதுதான் உள்ளபடியே வியக்கிறோம். அந்த இரு நிலைகளுக்கு இடையிலான தொலைவே ஷோபனாவின் நடிப்பு.

ஜோதிகாவுக்குக் கிடைத்த இடம் வேறு. மலையாளத்தில் கதாநாயகர் மோகன்லால் படத்தின் நடுப்பகுதி வரை வருவதில்லை. அதுவரை கங்காவை ஒரு குடும்பப் பெண்ணாக நாம் பழகிக்கொள்ள நேரம் இருக்கிறது. தமிழில் ரஜினிகாந்த் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறார். சண்டை, பாட்டு, நகைச்சுவை எல்லாம் அவரைச் சுற்றியே நடக்கின்றன. ஆகவே ஜோதிகாவின் கங்காவுக்குக் குறைந்த நேரமே கிட்டியது. அந்தக் குறைந்த நேரத்தில் தம் பெரிய கண்களையே முதலாகக் கொண்டு அவர் வணிகம் செய்தார் எனலாம்.

நாட்டியத்திலும் இவ்வேறுபாடு உண்டு. ஷோபனா பரதநாட்டியக் கலைஞர்; லலிதா, பத்மினி, ராகினி சகோதரியரின் மருமகள். ஜோதிகா மேடை நாட்டியத்தால் அறியப்பட்டவர் அல்லர். ஆனால் இரு படத்திலும் அந்த இறுதி ஆட்டம் மாறிமாறி இரண்டு விதமாகக் காட்டப்படுகிறது. ஒன்று, அவள் மனத்தில் காணும் அரசவை. அங்கே நகையும் பட்டும் குறையாத தாளமும் உண்டு. மற்றொன்று, தலைவிரி கோலமாய் அவள் ஆடும் உண்மை நிலை. முன்னதில் ஷோபனாவை வெல்வது கடினம். பின்னதில் ஜோதிகாவின் முகம் எவருக்கும் இளைத்ததன்று. சென்னை சாந்தி திரையரங்கில் அப்படம் 800 நாட்களுக்கும் மேல் ஓடியதில் அம்முகத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் துணிபு.

இப்படங்கள் கூறும் மனநோய் விளக்கத்தை மருத்துவப் பாடமாகக் கொள்ளலாகாது என்பதையும் இங்கே சொல்லிவைப்பது கடமை. கதைக்கு வேண்டிய அளவே அதில் மருத்துவம் உண்டு.

கேட்கப்படாத பெயர்

நடிகையின் நடிப்பு என்று நாம் பாராட்டுவது முழுவதும் அவருடையதுதானா? 'மணிச்சித்திரத்தாழி'ல் கங்காவுக்குக் குரல் கொடுத்தவர் பாக்கியலட்சுமி. நாகவல்லியின் தமிழ்க் குரலும் அவருடையதே என்று கேரளம் நெடுங்காலம் நம்பியிருந்தது. 2016 இல்தான், அக்குரல் துர்கா என்னும் தமிழ்க் குரல் கலைஞருடையது என்பதை இயக்குநர் பாசில் வெளிப்படுத்தினார். படம் வந்து 23 ஆண்டுகள் கழித்து!

அந்தப் பாட்டில் ஒலிப்பது சித்ராவின் குரல். ஆக, ஷோபனாவின் உடலும் மூன்று பெண்களின் குரலும் கூடியே அந்த ஒரு வேடம் அமைந்தது. இதனால் ஷோபனாவின் பெருமை குறையாது. ஆனால் இத்தனை ஆண்டுகள் நாம் மெய்ம்மறந்து கேட்ட குரலுக்கு உரியவரை நாம் கேட்டறியவில்லை என்பது ரசிகராகிய நம் குறை.

வழக்கு என்னாயிற்று?

'சந்திரமுகி 2' 2023 செப்டம்பர் 28 அன்று வெளிவந்தது. படப்பிடிப்பின்போதே கங்கனா, இறுதிக் காட்சிக்காக ஜோதிகாவின் நடிப்பை நாள்தோறும் பார்ப்பதாகவும், அதற்கு ஈடு செய்வது இயலாது என்றும் வெளிப்படையாகக் கூறியிருந்தார். ரயிலில் நாங்கள் காட்டாத பணிவை அவர் காட்டினார்.

படத்தைப் பார்த்தபோது எங்களுக்கு வேறொன்று விளங்கியது. கங்கனா ஏற்றது பழங்காலச் சந்திரமுகியின் வேடம். சந்திரமுகியால் ஆட்கொள்ளப்படும் இக்காலப் பெண்ணாக நடித்தவர் லட்சுமி மேனன். முன்பு ஒரே நடிகை சுமந்த இரு நிலைகள் இங்கே இருவருக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. கங்காவே இல்லாத சந்திரமுகியைக் கங்காவாகவும் இருந்த சந்திரமுகியோடு ஒப்பிட்டு நாங்கள் ஓராண்டு சண்டையிட்டிருக்கிறோம்! அந்த இடைவழி எடுக்கப்பட்டுவிட்டால் எவ்வளவு பெரிய நடிகையாயினும் எஞ்சுவது ஒரு பாதி வேடமே. குறை இருக்குமாயின் அதனை முதலில் திரைக்கதையில் தேட வேண்டும்.

முடிவுரை

ஒரு வேடத்துக்கு யார் வருகிறார் என்ற செய்தி கேட்டவுடன் பேசுவது ரசிகரின் உரிமை. அந்தப் பேச்சின் சுவை ரயில் பயணத்தைக் குறுக்குகிறது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் கலை பயிலும் மாணவராகிய நாம் தீர்ப்புச் சொல்லுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நலம். ஒப்பிடும் இரண்டும் உண்மையில் ஒரே வேடம்தானா? அந்நடிகைக்குக் கதை எவ்வளவு இடம் தந்தது? நாம் அவருடையது என்று நினைப்பதில் பிறர் உழைப்பு எவ்வளவு?

அந்தப் பெரியவரை அதன்பின் ரயிலில் நான் காணவில்லை. கண்டால் சொல்ல ஒரு விடை வைத்திருக்கிறேன்: "பாத்துட்டேன் ஐயா. ஷோபனாவையும் பாத்தேன், சௌந்தர்யாவையும் பாத்தேன். இனிமே பாக்காம பேசமாட்டேன்."