ஆல்கஹால் என்றதும் பதறாதீர்கள்

நம்பிக்கை: கண்டிஷனரில் 'சீட்டைல் ஆல்கஹால்' இருந்தால் முடி வறண்டுபோகும்.

உண்மை: போகாது. வறட்டுவது எத்தில் ஆல்கஹால் போலச் சட்டென்று ஆவியாகும் ரகம். சீட்டைல் ஆல்கஹாலின் மூலக்கூறு 16 கார்பன் நீள வால் கொண்டது. கையில் எடுத்தால் மெழுகுத் துருவல் மாதிரி இருக்கும்; உருகவே சுமார் 49 டிகிரி செல்சியஸ் வேண்டும். புட்டியில் அதற்குத் துணையாக அடிக்கடி வருவது செட்ரிமோனியம் குளோரைடு. அதற்கும் 16 கார்பன் வால்தான்; ஆனால் தலையில் நேர்மின்சுமை. இரண்டும் சேர்ந்து, வால்கள் உள்ளேயும் தலைகள் நீரைப் பார்த்தும் நிற்கும் இரட்டைப் படலங்களாக அடுக்கிக்கொள்கின்றன.

நம்பிக்கை: ஒரே வகை மின்சுமைகள் ஒன்றையொன்று தள்ளும். ஆகவே மின்சுமை ஏற ஏறப் படலங்களின் ஒழுங்கு குலையும்.

உண்மை: பாதிதான் சரி. அறிவியல் படித்தவர்களும் சறுக்கும் இடம் இது. ஒழுங்கு இங்கே இரண்டு வகை. படலத்துக்குள் வால்கள் எவ்வளவு நெருக்கமாக, நேராக நிற்கின்றன என்பது ஒன்று. படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சீராக அடுக்கியிருக்கின்றனவா என்பது இன்னொன்று.

முதலாவதை மின்சுமை கெடுக்கும். தலைகள் விலகினால் வால்களுக்கு இடம் கிடைத்து அவை வளைந்து நெளியும். படலம் குறைந்த வெப்பத்திலேயே இளகும். கொழுப்புப் படலங்களில் இதை 1974-இல் ட்ராய்பிள், ஐபிள் என்ற ஆய்வாளர்கள் இருவரும் காட்டினார்கள். கால்சியம் சேர்த்து மின்சுமையைத் தணித்தபோது இளகும் வெப்பநிலை ஏறியது.

இரண்டாவதையோ மின்சுமை வளர்க்கும். அண்டைப் படலங்கள் நீருக்கு அப்பாலிருந்து ஒன்றையொன்று தள்ளுவதால் அலைபாயாமல் தட்டையாக, சம இடைவெளியில் நிற்கின்றன. இடைவெளி முழுக்க நீர். பெரும்பங்கு நீரான கிரீம் உள்ளங்கையில் ஓடாமல் கெட்டித் தயிர்போல் நிற்பது இதனால்தான். உப்பு அதிகமானால் அயனிகள் மின்சுமையை மறைத்துவிடும், இடைவெளி சுருங்கும்.

அப்படியானால் வால்களின் ஒழுங்கு? அதைக் காப்பது நாம் பயந்த அதே ஆல்கஹால். மின்சுமையில்லாத அதன் சிறிய தலை, தள்ளிக்கொள்ளும் தலைகளுக்கு நடுவே புகுந்து உட்கார்கிறது. வால்கள் மறுபடி நெருங்கி நிற்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த வேதியியல் ஏற்பாடுகளில் இது ஒன்று.

நம்பிக்கை: போர் தண்ணீரில் நுரைக்காத சோப்பு மட்டமான சோப்பு.

உண்மை: குறை சோப்பில் இல்லை. சோப்பின் தலையில் எதிர்மின்சுமை. போர் தண்ணீர் போன்ற கடினநீரில் உள்ள ஒரு கால்சியம் அயனி இரண்டு தலைகளைச் சேர்த்துப் பிடித்துவிடும். மின்சுமை தீர்ந்ததும் வால்கள் நெருங்கித் திடமாகிவிடும். வாளி விளிம்பில் பிசுக்கென்று ஒட்டும் வெள்ளைக் கசடு அதுதான்.