தொட்டுப் பார்க்க முடியாத சேலை

சேலைக் கடையில் யாரும் கண்ணால் மட்டும் சேலை எடுப்பதில்லை. முந்தியை விரிக்கச் சொல்வார்கள். துணியை இரு விரலுக்கிடையில் வைத்துத் தேய்ப்பார்கள். ஒற்றைத் துணிக்கு அடியில் கையை நுழைத்து விரல் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். கடைசியில் கடையின் டியூப்லைட்டை நம்பாமல் வாசல்வரை எடுத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில் நிறம் பார்ப்பார்கள். பேரம் அதற்கப்புறம்தான். இன்ஸ்டாகிராமில் சேலை விற்பவருக்கு அந்தக் கையும் இல்லை, அந்த வாசலும் இல்லை. ஆகவே அங்கே போடும் படம், வாங்குபவரின் கை செய்திருக்கக்கூடிய சோதனைகளை அவருக்குப் பதிலாகச் செய்து காட்ட வேண்டும். படத்தின் முதல் வேலை அதுதான், அழகு அதற்குப் பிறகு என்பது என் கட்சி. கைத்தறிச் சேலையை வைத்தே இதைப் பேசுகிறேன். நகை, மண்பாண்டம், மரச்சாமான் விற்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். ஊறுகாய் விற்பவர்கள் மன்னிக்க வேண்டும், ருசியைப் படமெடுக்க இன்னும் வழியில்லை.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். சேலை விற்கும் பக்கங்களைப் புரட்டினால் இரண்டு வரிகள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். நிறத்தில் சற்று வித்தியாசம் இருக்கலாம் என்பது ஒன்று. பார்சல் பிரிக்கும் வீடியோ இல்லாமல் புகார் ஏற்கப்படாது என்பது மற்றொன்று. இரண்டும் சண்டை நடந்து முடிந்த பிறகு எழுதப்பட்ட வரிகள் என்பது படித்தாலே தெரியும். படம் செய்யத் தவறிய வேலையை ஒரு எச்சரிக்கை வாசகத்தின் தலையில் கட்டியிருக்கிறார்கள். கணக்காகவும் இது கட்டுப்படியாகாது. ஒரு பருத்திச் சேலையில் 200 ரூபாய் லாபம், கூரியருக்கு ஒரு வழிக்கு 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சேலை திரும்பி வந்தால் போக வர 160 ரூபாய் போயிற்று. இன்னொரு சேலை விற்று வந்த லாபத்தில் பெரும்பகுதி இந்த ஓட்டையை அடைக்கவே போய்விடும். மடிப்புக் கலைந்த சேலையைப் புதுச்சேலை என்று விற்பதும் எளிதல்ல. படம் எடுப்பதில் கூடுதலாகச் செலவிடும் பத்து நிமிடத்தை இந்தத் தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

தகராறில் பெரும்பங்கு நிறத்தினால் வருவது. இதில் விற்பவரின் நேர்மையைவிட போன் கேமராவின் குணம்தான் முதல் குற்றவாளி. சட்டகம் முழுக்க ஒரே அடர்நிறம் நிறைந்திருந்தால், எது வெள்ளை என்று தெரியாமல் கேமரா தானாகவே நிறத்தைச் சமன்செய்யப் பார்க்கும். அரக்கு சிவப்பாகும், மாம்பழ மஞ்சள் வெளிறும். பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் எம்.எஸ். ப்ளூ என்று ஒரு நீலத்தையே அழைக்கும் அளவுக்கு நம்மவர்கள் நிறத்தில் நுட்பம் பார்க்கிறவர்கள். அவர்களிடம் நீலம் என்று பொதுவாகச் சொல்லி எதையோ அனுப்ப முடியாது. வழி எளிது. சேலையின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் காகிதம் சட்டகத்துக்குள் தெரியட்டும். ஜன்னல் வெளிச்சத்தையும் மின்விளக்கையும் கலக்காமல், காலையில் நேர்வெயில் படாத நிழலில் எடுங்கள். ஃபில்டரைத் தொடாதீர்கள். காகிதம் மஞ்சளாகத் தெரிந்தால் சேலையின் நிறமும் பொய் என்று உங்களுக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். மயில்கழுத்து போலப் பாவில் ஒரு நிறமும் ஊடையில் ஒரு நிறமும் ஓடும் சேலைகளுக்கு இதுவும் போதாது. நிற்கும் கோணத்துக்கு ஒரு நிறம் காட்டும் துணியை ஒற்றைப் படத்தில் அடக்குவது நடக்காது. பத்து விநாடி வீடியோவில் துணியை மெல்ல அசைத்துக் காட்டினால் கேள்வியே எழாது.

மற்றச் சோதனைகளுக்கு இடம் போதவில்லை என்ற சாக்கும் இப்போது இல்லை. 2017-இல் ஒரு பதிவில் பத்துப் படம்வரை வைக்க இன்ஸ்டாகிராம் அனுமதித்தது. 2024-இல் அதை இருபதாக்கியது. ஆனால் பல பக்கங்களில் இருபது இடத்திலும் அதே பெண் அதே சேலையில் இருபது விதமாகச் சிரிக்கிறார். அவர் கட்டியிருக்கும் படம் ஒன்றோ இரண்டோ போதும், கொசுவம் எப்படி விழுகிறது என்று பார்க்க அது தேவைதான். மீதி இடத்தில் முந்தி முழுதாக விரிந்திருக்கட்டும், கரையின் மேல் ஒரு ஸ்கேல் கிடக்கட்டும், ஒற்றைத் துணிக்கு அடியில் ஒரு கை இருக்கட்டும், ரவிக்கைத் துணி தனியாகத் தெரியட்டும், பின்பக்கமும் வரட்டும். காஞ்சிபுரம் கோர்வைச் சேலை என்றால், உடலும் கரையும் கோத்துச் சேரும் இடத்தைக் கிட்டப் போய் எடுங்கள், விலைக்கான காரணம் அங்கேதான் இருக்கிறது. மதுரைச் சுங்குடிக்குப் புள்ளிகளைக் கிட்டத்தில் காட்ட வேண்டும். கையால் முடிச்சிட்டுச் சாயம் ஏற்றிய புள்ளிகள் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றுபோல இருக்காது. அச்சடித்த புள்ளி அப்படியே இருக்கும். அந்தச் சிறு ஒழுங்கின்மையை ஃபில்டர் போட்டு மழுப்புகிறவர், விற்கும் சரக்கின் அருமையைத் தன் கையாலேயே அழிக்கிறார். படத்தால் முடியாததும் உண்டு. ஜரிகை அசலா, பட்டு சுத்தமா என்பதை எந்தக் கேமராவும் சொல்லாது. அங்கே 2004-இல் மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியால் வந்த சில்க் மார்க் சீட்டையோ, 2006-இல் வந்த கைத்தறி முத்திரையையோ சேர்த்துப் படமெடுங்கள். சீட்டு இல்லாவிட்டால் உள்ளதை எழுத்தில் சொல்லுங்கள். நூல் எத்தனை கவுண்ட், நீளம் எத்தனை மீட்டர், ஜரிகை எந்த வகை என்று நான்கு வரி தமிழில் எழுதுவது ஹேஷ்டேகுகளைக் குவிப்பதைவிட மேல்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஸ்கேலும் காகிதமும் வைத்துப் படம் போட்டால் அதை யார் பார்ப்பார்கள், அழகான ரீல்ஸுக்குத்தானே கூட்டம் வருகிறது என்பார்கள். பாதி உண்மை. 2016-இல் இன்ஸ்டாகிராம் நேர வரிசையைக் கைவிட்டு, பார்ப்பவரின் விருப்பத்தைக் கணித்துப் பதிவுகளை அடுக்க ஆரம்பித்தபோதே, போட்டதெல்லாம் எல்லாருக்கும் தெரியும் காலம் முடிந்துவிட்டது. ஆனால் அந்தக் கணிப்பு எதைப் பார்க்கிறது என்பதையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். எவ்வளவு நேரம் பார்த்தார், விரும்பினாரா, அடுத்தவருக்கு அனுப்பினாரா என்பவை முக்கியம் என்று நிறுவனத்தின் தலைவர் ஆடம் மொசேரி 2025-இன் தொடக்கத்தில் வெளிப்படையாகவே பேசினார். நம் வீடுகளில் சேலை வாங்கும் முறையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தனியாக முடிவெடுப்பவர் குறைவு. படத்தை அக்காவுக்கு அனுப்பி, இது எப்படி இருக்கு என்று கேட்ட பிறகே பணம் போகும். அக்காவின் கேள்விகளுக்கு அந்தப் படமே பதில் சொன்னால், விற்பனையும் நடக்கிறது, அனுப்பிய கணக்கும் ஏறுகிறது. அழகான ரீல் வாசலில் கூட்டம் சேர்க்கும் என்பதை நான் மறுக்கவில்லை. பத்தில் ஒன்றோ இரண்டோ அதற்கென்று வைத்துக்கொள்ளலாம். வாசலில் கூட்டமும் உள்ளே வெறும் அலமாரியுமாக இருக்கக் கூடாது என்பதே என் வாதம்.

அடுத்த மறுப்பு விலையைப் பற்றியது. விலையைப் பதிவிலேயே போட்டால் போட்டிக்காரர் பார்த்துப் பத்து ரூபாய் குறைத்துவிடுவார், மெசேஜில் கேட்க வைத்தால் பேச்சு கொடுத்து விற்கலாம் என்று நம்புகிறவர்கள் நிறைய. போட்டிக்காரரும் மெசேஜில் கேட்கத் தெரிந்தவர்தான். கூச்சப்பட்டுக் கேட்காமல் போகிறவர் உங்கள் வாடிக்கையாளர். இன்பாக்ஸில் வரச் சொன்னதும், விலை ஆளைப் பார்த்துச் சொல்லப்படுகிறது என்ற சந்தேகமும் கூடவே வந்துவிடும். 2020-இன் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளும் டெலிவரிக் கட்டணம், வரி எல்லாம் சேர்த்து மொத்த விலையை ஒரே தொகையாகக் காட்டச் சொல்கின்றன. விலை என்பதும் வாங்குபவரின் கை தேடும் தகவல்தான். கடையில் சேலையைப் புரட்டும்போதே சீட்டைத் தேடுகிறோம் இல்லையா? படத்தைத் திருடிவிடுவார்கள் என்ற பயத்துக்கு மட்டும் முழு மருந்து இல்லை. ஆனால் உங்கள் ஸ்கேலும் உங்கள் கையும் உங்கள் வீட்டுத் திண்ணையும் உள்ள படத்தைத் திருடி விற்பது, வெள்ளைப் பின்னணியில் பளபளக்கும் படத்தைத் திருடுவதைவிடக் கடினம்.

பின்டரஸ்ட் பற்றியும் கேட்பார்கள். அங்கே வருகிறவர் தேட வருகிறார், படம் நெடுநாள் தேடலில் கிடைக்கும், ஆனால் அதிலிருந்து போய்ச் சேர ஒரு வலைத்தளம் வேண்டும். தளம் இல்லாத சிறு வியாபாரிக்கு இப்போதைக்கு இன்ஸ்டாகிராமே போதும். அதையும் வாடகைக் கடையாகவே நினைக்க வேண்டும். 2020 ஜூன் 29 அன்று இந்தியா 59 செயலிகளைத் தடை செய்தபோது, டிக்டாக்கில் மட்டும் வாடிக்கையாளரைச் சேர்த்திருந்தவர்களின் கடை ஒரே இரவில் மூடியது. 2021 அக்டோபர் 4 அன்று இன்ஸ்டாகிராம் சுமார் ஆறு மணி நேரம் முடங்கியது. அதே நிறுவனத்தின் வாட்ஸ்அப்பும் கூடவே படுத்துவிட்டது. வாட்ஸ்அப் குழுவை மாற்று ஏற்பாடு என்று நம்பியிருந்தவர்களுக்கு அன்று இரண்டு கதவும் அடைப்பு. வாங்கியவரின் பெயர், தொலைபேசி எண், எடுத்த சேலையின் நிறம் ஆகியவற்றை அவர் சம்மதத்தோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த பண்டிகைக்கு முதலில் அவர்களைக் கூப்பிடுங்கள். இன்று பதிவிட எடுத்து வைத்திருக்கும் சேலையை அதற்கு முன் ஒருமுறை வாசலுக்குக் கொண்டுபோய், வெள்ளைக் காகிதத்தோடு மறுபடி படம் எடுத்துவிடுங்கள்.