திருச்சியில் ஒரு மணிக்கு ஏறினால்

திருவெறும்பூர்

அன்புள்ள கயலுக்கு,

மாமா எழுதுவது. அப்பாவின் சிங்கப்பூர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு நீ கேட்டது நல்ல கேள்வி. போகும்போது திருச்சியில் இரவு 1.00 மணிக்கு ஏறினால் காலை 7.40-க்கு இறக்கம். திரும்பும்போது காலை 10.00 மணிக்கு ஏறி 11.40-க்கே திருச்சி. வீட்டு நினைப்பில் விமானமும் வேகமாக ஓடி வந்துவிடுமா என்கிறாய்!

டிக்கெட்டில் அச்சாகும் நேரம் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. அங்கே 7.40 என்றால் இங்கே 5.10. அங்கே 10.00 என்றால் இங்கே 7.30. இப்போது கழித்துப் பார்: இரு பக்கமும் 4 மணி 10 நிமிடம்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம். திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் தீர்க்கரேகையில் சுமார் 25 பாகை வித்தியாசம். சூரியக் கணக்குப்படி 1 மணி 40 நிமிடம்தான் அவர்கள் முன்னால் இருக்க வேண்டும். ஆனால் கடிகாரத்தை அவர்களே தள்ளி வைத்திருக்கிறார்கள். கடைசியாக 1982 ஜனவரி 1 அன்று, மலேசியாவோடு சேர்ந்து, இன்னும் அரை மணி. அதனால் அங்கே பொழுது விடிய ஏழு மணி ஆகிவிடும். பள்ளிப் பிள்ளைகள் இருட்டிலேயே பஸ் ஏறுகிறார்கள்.

சரி, தூரத்துக்கு வருவோம். நேர்வழியில் ஏறக்குறைய 2,980 கி.மீ. மணிக்கு 840 கி.மீ. வேகம் என்றால் மூன்றரை மணிதான் ஆக வேண்டும். மீதி எங்கே போனது? விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்ந்ததிலிருந்து, அங்கே போய் நிற்கும்வரை எல்லாமே பயண நேரம்தான். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்க வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம்.

காற்றும் கணக்கில் சேரும். தென்மேற்குப் பருவ மாதங்களில் தரையில் மேற்குக் காற்று அடித்தாலும், விமானம் பறக்கும் உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து வீசும். இந்த வெப்பமண்டலக் கீழைக் காற்றோட்டத்தை 1950-களில் ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர் நம் நாட்டு வானிலையாளர் பி. கோடீஸ்வரம். மணிக்கு 50 கி.மீ. எதிர்க்காற்று இருந்தால் சிங்கப்பூர் போக ஏறக்குறைய கால் மணி கூடும். வரும்போது அதே காற்று தள்ளிவிடும். அந்தக் காலத்தில் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறி, பினாங்கு வழியாக ஒரு வாரம் போல மிதந்து சிங்கப்பூர் போனவர்களிடம் இந்தக் கால் மணியைச் சொன்னால் சிரிப்பார்கள்.

உனக்கு ஒரு கணக்கு. திருச்சியிலிருந்து துபாயும் ஏறக்குறைய அதே தூரம்தான், சுமார் 2,940 கி.மீ. ஆனால் துபாய் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால். இங்கே இரவு 1.00 மணிக்கு ஏறி, அதே 4 மணி 10 நிமிடம் பறந்தால், அங்கே கடிகாரம் என்ன காட்டும்? ஆடி மாதத்தில் அந்த விமானத்துக்குக் காற்று துணையா, எதிரா? விடையை அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
மாமா