கொம்பியூட்டர் பெட்டியை மாற்ற முன்னர்

வாகனம் ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் கராஜில் உடனே சொல்லும் வார்த்தை, 'கொம்பியூட்டர் பெட்டி போய்விட்டது' என்பதாகும். உதிரிப்பாகம் விற்கும் நான் இதைப்பற்றி எழுதுவது என் வியாபாரத்துக்கே நட்டம்தான்.

சில வருடங்களுக்கு முன்னர் பாடசாலை வேன் ஓட்டும் ஒருவர் பாவித்த பெட்டியொன்றை என்னிடம் வாங்கினார். மூன்றாம் நாள் வந்து, "நானா, இதுக்கும் ஸ்டார்ட் இல்லயே" என்றார். கடைசியில் பார்த்தால், பெட்டிக்குப் போகும் எர்த் வயர் எஞ்சினில் பூட்டியிருந்த இடத்தில் துருப்பிடித்திருந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் இழந்த மூன்று நாள் உழைப்பை என்னால் கொடுக்க முடியவில்லை.

எனவே முதலில் பெட்டரியைப் பாருங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். ஸ்டார்ட் அடிக்கும்போது 10க்குக் கீழே இறங்கினால் பெட்டியைக் குறை சொல்ல முடியாது. அடுத்து பியூஸ், மெயின் ரிலே. பின்னர் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பெட்டரியின் நெகட்டிவிலும், மற்றதைப் பெட்டியின் எர்த் வயரிலும் வைத்து ஸ்டார்ட் அடியுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில்தான் பிழை.

திறப்பைப் போட்டும் செக் எஞ்சின் விளக்கு எரியவில்லை, ஸ்கேனரும் பேசவில்லை என்றால் பலர் அத்தோடு பெட்டி செத்துவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். பல சென்சர்களுக்குப் பெட்டியிலிருந்தே 5 வோல்ட் போகிறது. அவற்றில் ஒன்று உள்ளே ஷோர்ட் ஆனால் அந்த 5 வோல்ட் விழுந்துவிடும்; சில வாகனங்களில் நல்ல பெட்டியும் ஊமையாகிவிடும். சென்சர் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வாருங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வருகிறதோ அதுவே குற்றவாளி. எல்லாவற்றையும் கழற்றியும் வராவிட்டால் வயரிங்கைப் பாருங்கள். அதுவும் சரியென்றால்தான் பெட்டியைச் சந்தேகிக்கலாம்.

ஸ்கேனர் தரும் இலக்கத்தையும் சரியாக வாசிக்க வேண்டும். பீ 0335 என்பது கிராங்க் சென்சரின் சுற்றில் பிழை என்கிறது. சென்சரை மாற்று என்று சொல்லவில்லை. பீ 0606தான் பெட்டியின் உள்மூளையைப் பற்றியது. அதையும் அழித்துவிட்டு, வோல்ட்டேஜ் சரிபார்த்தபின் திரும்ப வருகிறதா என்று பாருங்கள்.

உண்மையிலேயே பெட்டிதான் என்றால் இலக்கம் பார்த்து வாங்குங்கள். ஆனால் இலக்கம் ஒன்றானாலும் திறப்பிலுள்ள சிப்போடு பொருந்தாத பெட்டி எஞ்சினை ஓடவிடாது. பொருத்திக் கொடுப்பது யார் பொறுப்பு, பொருந்தாவிட்டால் திருப்பி எடுப்பார்களா என்பதைப் பணம் கொடுக்கமுன் கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.