மாடித் தளமும் மழைநீரும்

சித்தூர், திருப்பதி வட்டாரங்களுக்குத் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவக்காற்றுகளும் மழை தருகின்றன. 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் திருப்பதி நகரத் தெருக்கள் வெள்ளக்காடாயின. இராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு கண்டு அண்டைக் கிராம மக்கள் வெளியேற்றப்பட்டனர். அத்தகைய மழையை வீட்டு உரிமையாளர் தடுக்க இயலாது. தம் தளத்தின்மீது விழும் பங்கை மட்டும் அவர் ஆளமுடியும்.

வீட்டைச் செப்பனிட முற்படுவோர் பெரும்பாலும் சுவருக்கு வண்ணம் பூசுவதிலிருந்து தொடங்குகின்றனர். இது முறையன்று. வண்ணம் கறையைச் சிலகாலம் மறைக்குமேயன்றி, கான்கிரீட்டினுள் இறங்கும் நீரைத் தடுக்காது. அந்நீரால் துருவேறும் கம்பி பருத்து, அடிப்பூச்சைப் பிளந்து தள்ளுகிறது. உத்தரத்தில் பூச்சு உதிரும்போதே பலரும் விழித்துக்கொள்கின்றனர்.

முன்னாளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தளத்தில் பரப்பி, கடுக்காய் நீர் தெளித்து, கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்கி, மேலே தட்டோடு பதித்தனர். அது வெயிலின் சூட்டையும் தணித்தது. அவ்வேலை அறிந்த கொத்தனார்கள் அருகிவிட்டது வருந்தத்தக்கது. எவ்வகைத் தளமாயினும் 10 அடிக்கு 2 அங்குல வாட்டம் வேண்டும். நீர் தேங்கும் தளத்தில் விலையுயர்ந்த பூச்சும் நிலைக்காது.

அதே வாட்டம் நீர்ச் சேமிப்புக்கும் உதவுகிறது. 100 சதுர மீட்டர் தளத்தில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவது 1,000 லிட்டர். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே விட்டபின், மணலும் ஜல்லியும் இட்ட தொட்டியில் வடித்துக் கிணற்றில் சேர்க்கலாம். கிணறில்லாதோர் உறிஞ்சுகுழி அமைக்கலாம். அதனை அடித்தளத்தை ஒட்டித் தோண்டலாகாது. இப்பணிகளைச் சித்திரையிலேயே முடித்தல் நன்று. ஐப்பசியில் கொத்தனார் கிடைப்பதும் அரிது, பூச்சு உலர்வதும் அரிது.